குடிச்சானாப்பா?

வருவாய்த் துறையில் எந்தக் காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். பாலாடைச் சங்கிலிருந்து பேரன் வாய்க்குப் பால் போகும் வழிதான் தெரியவில்லை.

பேறுகால விடுப்பு முடிந்து மகள் அன்றுதான் வேலைக்குக் கிளம்பினாள். மருமகன் வெளிநாட்டில், என் மனைவி காலமாகிவிட்டாள். மிச்சமிருந்த ஆள் நான். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மத்தியானம் போன் பண்றேன்பா. உன்கிட்ட குடிக்கலன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துட்றேன். பிள்ளைய பட்டினி போட்டுட்டு இன்னா சம்பளம்?" செவிலிமேட்டு முனையில் கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அவள் வேலையை விடக் கூடாது. அம்மா இல்லாத வீட்டில் சமைத்துக்கொண்டே படித்து வாங்கிய வேலை. அதே சமயம், பேரன் குடிக்காவிட்டால் எனக்கு விடுதலை என்பதையும் நான் அறிவேன். டீக்கடை, பேப்பர், பாலாற்றுப் பக்கம் நடை, யாருக்காவது மனு எழுதிக் கொடுக்கும் கௌரவம். ஓய்வு என்று நான் நினைத்திருந்தது இவற்றைத்தான்.

மகள் எடுத்து வைத்திருந்த தாய்ப்பாலைச் சூடுகாட்டிப் பாலாடையில் ஊற்றினேன். பேரன் உதட்டை இறுக்கினான். சாய்த்தேன், துப்பினான். பாடினேன், அலறினான். இவ்வளவு உறுதியாக நான்கூட யாருடைய மனுவையும் நிராகரித்ததில்லை. துடைக்கக் கையில் கிடைத்தது, காலையில் மகள் கழற்றிப் போட்டிருந்த நைட்டி. அதைத் தோளில் போட்டதும் அழுகை நின்றது. முகத்தைப் புதைத்து மோந்தான். அந்த வாக்கிலேயே பாலாடையை வைத்தேன். ஒரு மடக்கு. இன்னொன்று. நைட்டி நழுவினால் வாய் மூடிக்கொண்டது. வேறு வழியில்லாமல் தலைவழியாக மாட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தறிக்காரம்மா, வாரிசுச் சான்றிதழ் விஷயமாக, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஐயய்ய! இன்னா சார் இது கோலம்?"

"சத்தம் போடாதம்மா. குடிச்சுக்கினு இருக்கான்."

"ரோஸ் கலரு உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்குது. ஜரிகை வெச்சு ஒண்ணு தறியில நெய்ஞ்சு குடுக்கட்டா?"

"கிண்டலெல்லாம் அப்புறம். இறப்புச் சான்றிதழ எடுத்துக்கினு இ-சேவை மையத்துக்குப் போ."

"போறேன், போறேன். நீங்க எழுந்திரிக்காதீங்க சார், கண்கொண்டு பார்க்க முடியாது."

எழுந்திருக்க முடிந்தால் அல்லவா? வலது கையில் அவன் தூங்கிப்போயிருந்தான். போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

"குடிச்சானாப்பா?"

'இல்லை' என்று ஒரு சொல் போதும். மறுநாள் காலை டீக்கடையில் இருக்கலாம். குனிந்து பார்த்தேன். வாயோரம் பால் காய்ந்திருந்தது. தூக்கத்திலும் உதடு எதையோ சப்பிக்கொண்டிருந்தது. மூச்சு என் விலாவில் சுட்டது.

"மொத்தமும் குடிச்சிட்டாம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "அப்போ நாளைக்கும் போகட்டாப்பா?"

"போம்மா."

போனை வைத்தேன். கை மரத்துவிட்டது. தறிக்காரம்மா திறந்துபோட்ட கதவு அப்படியே கிடந்தது. போய்ச் சாத்த வழியில்லை. தெருவில் போனவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.