கொக்கி மாற்றிய அட்டிகை

திருமுருகன் என்ன வேலை பார்க்கிறான் என்று துறைமங்கலத்தில் அவன் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பகலெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பான். சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர் வேலைதான்" என்று மனைவி மலர்கொடி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

பெயர்போன டிசைனர்கள் செய்த நகைகளை, ஒருவர் போட்டு அலுத்தபின் இன்னொருவருக்கு ஆன்லைனில் விற்றுக்கொடுக்கும் பெங்களூர்க் கம்பெனியில் அவனுக்கு வேலை. வாங்கியவர் 'இது டூப்ளிகேட்' என்று புகார் கொடுத்தால், தமிழ் பேசுகிறவர்களின் புகாரெல்லாம் இவனிடம் வரும். வாங்கியவரிடமும் விற்றவரிடமும் மாறி மாறிப் பேசி முடித்துவைக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டபோது சென்னை வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தவன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போதைக்கு என்று பிடித்த இந்த வேலை மட்டும் ஒட்டிக்கொண்டது. யார் பொய் சொல்கிறார்கள் என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று ஆரம்பத்தில் நம்பினான். போகப்போக அந்த நம்பிக்கை கரைந்துவிட்டது. பொய் சொன்னவர்கள் கோவையாகப் பேசினார்கள். உண்மை சொன்னவர்கள் உளறினார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, எதிரே இருப்பவர் நகையில் செய்தவரின் முத்திரை எங்கே இருக்கும் என்று கண் தேடும். "அந்தம்மா கழுத்தையே பாக்காதீங்க, தப்பா நெனைக்கப் போறாங்க" என்று மலர்கொடி தொடையைக் கிள்ளுவாள்.

போன ஆவணியில் அம்பிகாவின் புகார் வந்தது. அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். கெம்புக் கல்லும் முத்தும் பதித்த ஒரு பழைய அட்டிகையைத் தன் சம்பளத்தில் வாங்கியிருந்தாள்.

"நிச்சயதார்த்தத்துக்குப் போடலாம்னு வாங்குனேன் சார். புடவை எடுக்கப் போனப்ப மாப்பிள்ளையோட அக்கா கையில வாங்கித் திருப்பிப் பாத்தாங்க. முத்திரையே இல்லையே, டூப்ளிகேட்டான்னு கடையில எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க."

"நகை எப்படி இருக்குங்க மேடம்?"

"நல்லாத்தான் சார் இருக்கு. அதுவா இப்ப பிரச்சனை?"

அவள் அதைப் பெங்களூருக்கு அனுப்பினாள். கல்லும் வேலைப்பாடும் அந்த டிசைனருடையது போலத்தான் இருக்கிறது, ஆனால் முத்திரை இருக்கவேண்டிய கொக்கி மாற்றப்பட்டிருக்கிறது, ஆகவே உறுதி செய்ய இயலவில்லை என்று கம்பெனியின் பரிசோதகர்கள் எழுதிவிட்டார்கள். இனி விற்றவரிடம் பேச வேண்டியது திருமுருகன் பாடு.

விற்றவர் லீலாவதி, ஜெயங்கொண்டத்துக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. சென்னையில் தனியாக இருந்த ஒரு அம்மாளை, அவர் சாகும்வரை கூடவே தங்கிப் பார்த்துக்கொண்டவர். அந்த அம்மாளே தன் கையால் கொடுத்த நகை என்றார்.

"கொக்கி அறுந்துபோச்சு தம்பி. இங்க கடைத்தெருவுல பத்தர்கிட்ட மாத்துனேன். அதுலதான் முத்திரை இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? பழசை அவரு அன்னைக்கே உருக்கிட்டாரு."

"முதல்ல கடையில வாங்குனவங்க யாராவது சொன்னா போதுங்கக்கா. பில்லு ஏதாவது?"

"எனக்கு எங்க பில்லு? அந்தம்மா மகன் அமெரிக்காவுல இருக்காரு. நம்பர் தரேன், நீங்களே கேட்டுப் பாருங்க."

வெளியாட்களைக் கூப்பிடக் கம்பெனியில் அனுமதி கிடையாது. ஆனால் அந்தக் குரலில் இருந்த நம்பிக்கை அவனை உறுத்தியது. வீடு ஒழுகுகிறது, இந்தப் பணம் வந்தால்தான் மழைக்கு முன்னால் தளம் போட முடியும் என்றும் சொல்லியிருந்தார். சாயங்காலம் சொந்த போனிலிருந்தே அந்த மகனைக் கூப்பிட்டான்.

"கெம்பு அட்டிகையா?" என்றது அந்தப் பக்கம். "அது நான் மும்பையில அந்த டிசைனர் கடையிலயே வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தது. ஒரிஜினல்தான். உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

திருமுருகன் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தான் செய்த காரியம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"லீலாவதி விக்கிறாங்களா? அம்மா அதை அவங்களுக்குக் கொடுத்திருக்கவே மாட்டாங்க. அம்மா போனதுலேருந்து நாங்க தேடிட்டிருக்கோம். சரி, நீங்க வைங்க. நான் பேசிக்கிறேன்."

நகை அசல் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அந்தச் சாட்சி சொன்ன அதே வாய் லீலாவதியைத் திருடி ஆக்கிவிட்டது. அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்ததைப் பார்த்து மலர்கொடி கேட்டாள். சொன்னான்.

"நல்லது பண்றேன்னு போயி இப்படி இழுத்துவிட்டுட்டீங்களே. நேர்ல போயிச் சொல்லிட்டு வாங்க. போன்ல சொல்ற சேதியா இது?"

ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போய் பஸ் மாறினான். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினான். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அந்த அமெரிக்காத் தம்பி கூப்பிட்டுட்டாரு" என்றார் லீலாவதி, நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டபடி. "போலீஸுக்குப் போவேன்னாரு."

"நான்தான் அவர்கிட்ட சொன்னேங்கக்கா. எனக்கு இப்படி ஆவும்னு..."

"நம்பரைக் கொடுத்தவ நான்தானே. உங்களை என்ன சொல்ல?" அவர் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அம்மா குடுத்தாங்களா இல்லையான்னு கேக்குறாரு. கடைசி வருசம் அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னே அவருக்குத் தெரியாது. நாக்குல உப்பு ஒறைக்கலைன்னு அழுவாங்க. இதெல்லாம் அவருகிட்ட என்னன்னு சொல்றது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நகை திரும்பி வந்ததும் உங்களுக்கே அனுப்பிடுறேன்னு சொல்லிட்டேன்."

"அக்கா, அது உங்களுக்குக் குடுத்ததுதானே? ஏன் அனுப்பணும்?"

"குடுத்ததுதான். குடுத்தவங்க இல்லையே தம்பி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் மவன் மாமியார் வூடு பக்கத்துத் தெருவுலதான் இருக்கு. போலீசு வந்து கேட்டுட்டுப் போனா, அப்புறம் அது நெசமா பொய்யான்னு யாரு பாக்கப்போறா? எனக்குத் தெம்பில்ல. டீ சாப்பிடுறீங்களா?"

அவன் தலையாட்டினான். உள்ளே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. கூரையில் ஒரு மூலையில் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்திருந்தார்கள். லீலாவதி சொல்வது உண்மையா என்று தனக்கு நிச்சயமாகத் தெரியாது என்பதை அவன் அப்போது நினைத்துப் பார்த்தான். ஆனாலும் நம்பினான்.

திங்கட்கிழமை புகாரை முடித்தான். 'அசல்தன்மை உறுதி செய்ய இயலவில்லை. விற்பவர் சம்மதத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.' மகனிடம் பேசியதை அவன் எழுதவில்லை. எழுதினால் வேலை போகும் என்பது ஒரு காரணம். அதோடு, லீலாவதியின் பெயருக்குப் பக்கத்தில் அந்த மகன் சொன்ன வார்த்தை ஏறிவிட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் இறங்காது.

நகை ஜெயங்கொண்டத்துக்கு வந்து சேர்ந்தது. லீலாவதி அதை அந்த அமெரிக்க மகனின் மாமனாருடைய சென்னை வீட்டுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கதவோரம் நிற்கவைத்தே வாங்கிக்கொண்டார்களாம். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லையாம். திருமுருகன் கூப்பிட்டு விசாரித்தபோது சொன்னார். ஐப்பசி மழை அந்த வருஷம் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது.

பணம் திரும்ப வந்துவிட்டதைச் சொல்ல அம்பிகா கூப்பிட்டாள். நிச்சயதார்த்தம் அம்மாவின் பழைய சங்கிலியோடு முடிந்துவிட்டதாம்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அந்த அட்டிகை நெசந்தானா?"

பேச்செல்லாம் பதிவாகிற லைன் அது.

"நெசந்தாம்மா."

"அப்ப ஏன் சார் திருப்பி வாங்குனீங்க?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு அது அவ்வளவு பிடிச்சிருந்துச்சு."

லைன் போய்விட்டது. திரையில் அடுத்த புகார் வந்து நின்றிருந்தது. சேலத்திலிருந்து யாரோ, வளையல். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மலர்கொடி துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கொல்லைப்பக்கம் போய், அவளிடமிருந்து ஈரப் போர்வையின் ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.