விரலைக் கவனிக்கச் சொன்னவன்

ஒருத்தியின் தன்னம்பிக்கையை நான் கொன்றேன். அதை வளர்த்தவனும் நானே… ஆகையால் எங்கே அடித்தால் அது சாகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே, மாலை வேளைகளில் தட்டெழுத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். பிலோமினா சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருவாள். தகப்பன் கடலில் மாண்டபின், தாயோடு கிழிந்த வலைகளைப் பொத்திப் பிழைத்தவள். முதற் கிழமையே அழுதாள்.

"ஏலாது சேர். என்ர விரல் சொல்லுக் கேக்குதில்லை."

உளவியல் நூல்களில் எனக்கு அப்போது பெரும் பித்து. படித்ததையெல்லாம் அவளிடம் செய்துபார்த்தேன். "ஏலாது" என்பதை "இன்னும் பழகேல்லை" என்று மாற்றிச் சொல்லவைத்தேன். பாடத்தை உடைத்து, தோற்கவே முடியாத சிறு துண்டிலிருந்து தொடங்கினேன். ஏற்கெனவே கைவந்ததை நினைவூட்டினேன்: ஆட்களோடு கதைத்தபடியே வலை முடிபவளுக்கு இந்த எழுத்துகள் எம்மாத்திரம்?

சில மாதங்களில், ஜன்னலுக்கு வெளியே கப்பல்களைப் பார்த்தபடியே தட்டினாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகவே நான் பகலைக் கழித்தேன் என்பதை எவரிடம் சொல்வேன்!

கொழும்பிலே ஒரு வேலை. தட்டெழுத்துச் சோதனைக்கு வரும்படி அவளுக்கு அழைப்பு வந்தது. போய்விடுவாள்… "போகாதே" என்று கேட்டிருக்கலாமே? ஊருக்கெல்லாம் தைரியம் ஊட்டியவனுக்குத் தன் மனதைச் சொல்ல நா எழவில்லை.

விடைபெற வந்தவளிடம், அக்கறையுள்ளவன் போலச் சொன்னேன்: "அங்க எல்லாரும் உங்கட விரலைத்தான் பாத்துக்கொண்டு நிப்பினம். ஒவ்வொரு எழுத்துக்கும் விரலைக் கவனியுங்கோ."

அறிந்தே சொன்னேன். தன்னைத்தானே கவனிக்கும் கை தடுமாறும் என்று வாசித்திருந்தேன்.

அவள் திரும்பி வந்தாள். நடுவிலே கை விறைத்து எழுந்துவிட்டாளாம்.

"நீங்கள் முதலே சொன்னனீங்கள் சேர். பிழை என்னிலதான்."

அதன்பின் வகுப்புக்கு வரவேயில்லை. நிலாவெளியில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நான் தனியனாகவே இருந்துவிட்டேன். நிலாவெளி பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிற முகங்களை இன்றும் பார்க்கிறேன்… எதற்காக?

சென்ற வருடம் மாதா கோயில் திருநாளில் மகளோடு எதிர்ப்பட்டாள். படிப்பை முடித்த மகள், ரைப்பிங் பழக ஆசையென்றாள். பிலோமினா மெல்ல மறித்தாள்.

"எங்கட ஆக்களுக்கு அது சரிவராது பிள்ளை. வேணுமெண்டால் சேரிட்டக் கேள்."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நீங்களே சொல்லுங்கள், உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்க்குமா? "உன்ர அம்மா வடிவாத் தட்டினவ" என்றாவது சொல்லியிருக்கலாமே!

வெயில் ஏறுகிறது என்று சொல்லி, குடையை விரித்து நடந்தேன்.