ஈரக் கட்டை

இது யாரோ சொல்லிக் கேட்டது இல்லை. என் கையால் வாங்கியது, என் கண்ணால் பார்த்தது. நம்பாவிட்டால் விடுங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

நான் டிராம் ஓட்டுபவன். டிப்போ கேன்டீன் டீயைப் பதினோரு வருடம் குடித்தும் உயிரோடு இருப்பவன், லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. எங்கள் ஒன்பதாம் லைனில், வாய்க்கால் ஓரமாக ஒரு கிலோமீட்டருக்கு ஒற்றைத் தண்டவாளம். போகவும் வரவும் அது ஒன்றுதான். அதற்குள் நுழைய வேண்டுமென்றால் கையில் ஒரு மரக்கட்டை இருக்க வேண்டும். எதிர் வண்டி வெளியே வந்ததும் அதன் டிரைவர் கட்டையை நீட்டுவார், நாம் வாங்கிக்கொண்டு போவோம். இருப்பது ஒரே கட்டை, அதனால் உள்ளே ஒரே வண்டி. பழகிப் போனால் கட்டையைத்தான் பார்ப்போம், முகத்தைப் பார்க்க மாட்டோம். அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான்...

அன்று மாலை மணி 6:10. எதிரே ஆள் நின்றால் தெரியாத பனி. வீட்டில் ஆளில்லாததால் ஆறு வயது மகளைப் பள்ளியிலிருந்து வண்டியிலேயே கூட்டி வந்திருந்தேன். எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

ஒற்றைத் தண்டவாளம் தொடங்கும் இடத்தில் நிறுத்திக் காத்திருந்தேன். 6:14. பனிக்குள்ளிருந்து ஒரு வண்டி வந்து பக்கத்தில் நின்றது. மணி அடிக்கவில்லை. சக்கரச் சத்தம் இல்லை. விளக்கும் இல்லை. பல்பு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கை கட்டையை நீட்டியது. வாங்கினேன்.

சொட்டச் சொட்ட ஈரம். அன்று மழையே இல்லை.

"போலாம்ணே!" பின்னாலிருந்து கண்டக்டர். டிங்... டிங். வண்டியை எடுத்தேன்.

6:16. மகளின் பேச்சு நின்றிருந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா... அந்த வண்டில யாருமே இல்லப்பா."

"டிரைவர் இருந்தாரேம்மா."

"இல்லப்பா. கை மட்டும்தான் இருந்துச்சு."

கட்டையை மூக்கருகே கொண்டுபோனேன். கட்டையிலிருந்து வாய்க்கால் சேற்று வாடை...

டிங்... டிங்... டிங்...

எதிரே மணி.

வெளிச்சம்.

பிரேக்!

கிரீஈஈஈச்...

நின்றது.

இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. மகளை வாரி அணைத்துக்கொண்டேன். வாய்விட்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எதிர் வண்டி டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "அறிவிருக்கா உனக்கு? கட்டை என்கிட்ட இருக்கு! நீ எப்படிய்யா உள்ள வந்த?"

நான் என் கையிலிருந்ததைக் காட்டினேன். அவர் ஓடிப்போய்த் தன் கட்டையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

டிப்போ இன்ஸ்பெக்டர் ஈரக் கட்டையை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலை 8:30க்கு என் கண்முன்னேதான் திறந்தார். பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே கட்டை இல்லை. அது இருந்த தட்டு நிறையத் தண்ணீர்.

'கட்டையின்றி நுழைந்தார்' என்று எழுதி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கையால் தொட்டுப் பார்த்த அதே இன்ஸ்பெக்டர்தான் கையெழுத்துப் போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் எதை நிரூபிப்பார்?

ஒன்பதாம் லைன் இன்றும் ஓடுகிறது. வேறொருவர் ஓட்டுகிறார்.

போன வாரம் டிப்போ குமாஸ்தா ஒரு பழைய கோப்பை யாருக்கும் தெரியாமல் எடுத்துக் காட்டினார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அதே இடத்தில் இரண்டு வண்டிகள் மோதி ஏழு பேர் செத்திருக்கிறார்கள். ஒரு டிரைவர் மட்டும் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். 'கட்டையின்றி நுழைந்தார்' என்றுதான் அவரைப் பற்றியும் எழுதி முடித்திருந்தார்கள். அதற்குக் கீழே, நர்ஸிடம் அவர் கடைசியாகச் சொன்னது இருந்தது.

"முகத்தப் பாக்கல சிஸ்டர்... நீட்டுனாங்க, வாங்குனேன். வாங்கும்போதே ஈரமா இருந்துச்சு."