கோட்டைச் சுவரில் கீறிய பெயர்கள்

லண்டனுக்கு யார் வந்தாலும் எங்களுக்கு ஒரே சுற்றுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடியப்பமும் சம்பலும் பார்சல் கட்டிக்கொண்டு லூயிஷாமில் ரயில் ஏற வேண்டும். லண்டன் பிரிட்ஜில் இறங்கி, ஆற்றைக் கடந்து, பழைய நகரத்துக்குள் நடந்து, கடைசியில் அந்தக் காலத்து ராஜாக்களின் கோட்டை. மாமா வந்தபோதும் இதுதான், மச்சாள் குடும்பம் வந்தபோதும் இதுதான். எனக்கு அலுத்துப்போய்விட்டது. ஆனால் கூட்டிப்போகாமல் விட்டால், லண்டனில் ஒரு இடமும் காட்டவில்லை என்று ஊர் முழுக்கக் கதை போய்விடும்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மா விசிட் விசாவில் வந்தபோதும் அதே சுற்றில் கூட்டிக்கொண்டு போனேன். மடையன் நான், ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். அம்மா இடம் பார்க்க வரவில்லை. தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய் ஐந்து வருடமாகியிருந்தது. எந்த இராணுவ முகாமில் இருக்கிறான், உயிரோடுதான் இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. லண்டனிலிருந்து அரசாங்கத்துக்கும் மனித உரிமைக்காரருக்கும் எழுதினால் பதில் வரும் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்த நாளிலிருந்து நானும் எழுதிக்கொண்டே இருந்தேன். பதில் வந்தது இரண்டு. இரண்டிலும் கவலை தெரிவித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பழைய தெருக்களில் அம்மா என் பின்னால் நடந்து வந்தார். குளிருக்கு மேலே என்னுடைய ஜாக்கெட், சேலைக்குக் கீழே சொக்ஸ். கோட்டையில் கிரீடங்கள் பார்க்க கியூ நீளமாக இருந்ததால், முதலில் சிறைக் கோபுரத்துக்குள் நுழைந்தோம். சுவர் முழுக்க, அந்தக் காலத்துக் கைதிகள் கல்லில் கீறிய பெயர்கள். அழியாமலிருக்க அவற்றின் மேல் கண்ணாடி போட்டிருந்தார்கள். வழிகாட்டி ஒருவர் தலை வெட்டிய கதையைப் பகிடியாகச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. வெளியே போவோம் என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் அசையவில்லை. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

சிறையில் இருந்தவர்களின் பெயர் என்று சொன்னேன். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை.

"அவரைக் கேட்டுப்பார். இவையளுக்கு என்ன நடந்ததெண்டு தெரியுமாமோ?"

கேட்டேன். வழிகாட்டி நல்ல மனிதர். அநேகம் பேருக்குத் தெரியும் என்றார். பிடித்த நாள், விட்ட நாள், வெட்டிய நாள், புதைத்த இடம், எல்லாவற்றையும் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பெருமையாக விளக்கினார். அதை அப்படியே தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். வேறு என்ன செய்ய?

அம்மா கண்ணாடியில் கை வைத்தார்.

"இவையளின்ரை தாய்மார் குடுத்து வைச்சவை," என்றார்.

அவர் அழவில்லை. அம்மா என்ன சொன்னார் என்று வழிகாட்டி ஆவலோடு கேட்டார்.

இடம் நன்றாக இருக்கிறதாம் என்றேன்.