செல்வலட்சுமியின் சவரக்கத்தி

செல்வலட்சுமி யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் முதலில் அரிவாள்மனையைத்தான் பார்ப்பாள். கட்டைவிரல் நகத்தை அதன் வாயில் மெல்ல வைப்பாள். மொண்ணை என்றால் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்பக்கக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். மம்சாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாறு வருஷமாக இதுதான் வழக்கம். வாய் திறந்து பேசாதவள் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன தை மாதம் ராஜபாளையத்துப் பழைய இரும்புக் கடைக்கு மண்வெட்டி வாங்கப் போனவள், மூன்று சவரக்கத்திகளோடு திரும்பினாள். பிளேடு மாட்டுகிற ரகம் இல்லை; பிடிக்குள் மடங்குகிற, முழு இரும்பில் செய்த பழைய ரகம். துருவுக்கு அடியில் எங்கேயோ மினுக்கம் கிடந்ததை அவள் கண்டுவிட்டாள்.

மறுநாளே கணவனின் அண்ணன் பாண்டிதுரை வந்து நின்றார். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி பட்டாளத்தில் இருப்பதால் தம்பி வீட்டுக்கும் தானே ஸ்டேஷன் என்பது அவர் எண்ணம்.

"ஏட்டி, நம்ம வீட்டுப் பொம்பள சவரக்கத்தி தீட்டுனா ஊரு என்ன பேசும்?"

"அருவா தீட்டுறப்ப ஊரு பேசலியே, மச்சான்."

அவள் எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"இந்தத் துரு ஒரு மசிரையாவது வழிக்குமா? ஞாயித்துக்கெழம சலூன்கார மாரிச்சாமியக் கூட்டிட்டு வாரேன். என் கன்னத்துலயே பாப்போம். வழிக்கலேன்னா மூணையும் கெணத்துல போட்டுரணும்."

"வழிச்சிட்டா?"

"வழிச்சிட்டா நீ என்னமும் செய்யி."

உப்புத்தாளும் எண்ணெயும் வைத்துத் துருவை எடுத்தாள். ஆனால் முதல் இரண்டு கத்திகளையும் கெடுத்துவிட்டாள். அரிவாளின் முதுகைத் தூக்கிப் பிடித்துத் தீட்டியே பழகிய கை, இதையும் அப்படியே தூக்கிப் பிடித்தது. வாய் பளபளவென்று வந்தது. முன்கையில் வைத்து இழுத்தால் தோல் சிவந்ததே தவிர, ஒரு மயிர் விழவில்லை.

போனில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் கத்தி தீட்டுகிற வீடியோ கிடைத்தது. பேச்சு புரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டு அவன் கையை மட்டும் பார்த்தாள். ஏழாவது தடவையில் பிடிபட்டது. அவன் முதுகைத் தூக்கவேயில்லை. தடித்த முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படுத்தே போய் வந்தன.

மூன்றாவது கத்தியின் முதுகை இடதுகை விரலால் அழுத்திக்கொண்டு, வழுவழுப்பான கல்லில் தீட்டினாள். பிறகு கணவனின் தோல் பெல்ட்டில் இழுத்தாள். சனிக்கிழமை மாலை அவள் முன்கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை ஒரு மயிர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரிச்சாமி கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஏட்டய்யா, ரத்தம் வந்தா என்னையத் திட்டப்படாது."

"வழிச்சாத்தானப்பா ரத்தம் வரும்? நீ வையி."

நுரைக்குள் கத்தி இறங்கியது. வலது கன்னம் காதிலிருந்து தாடை வரை சுத்தமாக வந்துவிட்டது. பாண்டிதுரை தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டார். முகம் கறுத்தது.

"வழிச்சா வழிக்கட்டும். பொம்பளைக்கு வேண்டாம்னா வேண்டாம். கெணத்துல போடு."

செல்வலட்சுமி கத்தியை வாங்கித் துடைத்து, மடக்கி, இடுப்பில் செருகினாள்.

"சொன்னது நீங்க. கத்தி எங்கயும் போகாது, மச்சான். மறு கன்னத்த என்ன செய்யப் போறிய?"

பாண்டிதுரை மாரிச்சாமி பக்கம் திரும்பினார். "உன் கத்திய எடு."

"நான் கத்தி கொண்டுட்டு வரலியே. வழிக்கவே வழிக்காதுன்னு நீங்கதான சொன்னிய. இப்பிடியே சீவில்லிபுத்தூர்ல இருக்க என் கடைக்குப் பஸ்ஸேறுவமா?"

பக்கத்து வீட்டுப் பாலம்மாள் வேலியோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இடது கன்னத்தில் நுரை காயத் தொடங்கியது.

"கத்தியக் குடு" என்றார் பாண்டிதுரை.

"வச்சுக்கோன்னு சொல்லுங்க. தாரேன்."

"வச்சுக்கோட்டி! வச்சுத் தொலை!"

அதன் பிறகுதான் அவள் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

ஒன்பது மாதம் ஆகிறது. செல்வலட்சுமியிடம் இப்போது ஏழு கத்திகள் இருக்கின்றன. நான்கு நன்றாக வழிக்கும், இரண்டில் இன்னும் வேலை இருக்கிறது, ஒன்று தேறாது. பாண்டிதுரை அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவள் வாசலிலேயே கல்லைப் போட்டுத் தீட்டிக்கொண்டிருக்கிறாள்.