சப்ஜெக்ட்டுக்குக் கீழே ஒரு கோடு

எங்கள் வீட்டில் அப்பாவிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் எண் போட்டுக் கேட்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா ராணுவத்தில் கிளார்க். வடக்கே ஒரு யூனிட் ஆபீசில் உட்கார்ந்து வருஷம் முழுக்க மெமோ அடிக்கிற வேலை. துப்பாக்கியை அவர் எந்தக் கையில் பிடிப்பார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் காகிதத்தில் இடதுபக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும், சப்ஜெக்ட்டைப் பெரிய எழுத்தில் நடுவில் நிறுத்தி அதற்குக் கீழே எப்படிக் கோடு போட வேண்டும், ஒவ்வொரு பத்திக்கும் எண் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் கறம்பக்குடிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒருமுறை அவர் லீவில் வந்திருந்தபோது எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கான லீவு லெட்டரை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்று, மேற்படி மாணவிக்குக் காய்ச்சல். இரண்டு, ஆகவே விடுப்பு கோரப்படுகிறது. மூன்று, தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும். டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் புள்ள, இது லீவு லெட்டரா, கொஸ்டின் பேப்பரா?" என்று கேட்க, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என் மானம் கப்பலேறிவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பாவோ, "ஒங்க டீச்சருக்கு பார்மட் தெரியல ஆத்தா" என்று முடித்துவிட்டார்.

ஒவ்வொரு லீவிலும் அவர் சொல்கிற கதை ஒன்று உண்டு. லீவில் ஊருக்குப் போன சிப்பாய் ஒருத்தன், லீவை நீட்டிக்கச் சொல்லி எழுதி அனுப்பினானாம். சப்ஜெக்ட்டுக்குக் கீழே கோடு போடவில்லையாம். பத்திகளுக்கு எண்ணும் இல்லையாம். "தூக்கித் திருப்பி அனுப்பிட்டேன்ல! ஒழுங்கா எழுதி அனுப்புடான்னு" என்று அப்பா தொடையைத் தட்டுவார். நானும் அம்மாவும் சிரிப்போம். அந்தக் கோடு போடாத ஆள் எங்கள் வீட்டில் ஒரு கோமாளி. நான் கணக்கில் ஸ்டெப் விட்டுவிட்டால்கூட அவனைச் சொல்லித்தான் அம்மா கேலி செய்வாள்.

நான் ஆறாவது படித்த அந்த வருஷம் அப்பா வந்தபோது அம்மாவுக்கு எட்டாம் மாதம். எனக்குப் பிறகு நெடுநாள் கழித்து வந்த பிள்ளை. அப்பா திரும்பிப் போக ஒரே நாள் இருக்கையில் அம்மாவின் காலும் முகமும் வீங்கிப்போயின. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, எந்த நேரமும் பிள்ளையை எடுக்க வேண்டியிருக்கும், இரண்டு உயிர் என்று டாக்டரம்மா அப்பாவைத் தனியாக அழைத்துச் சொன்னார். தனியாக என்றால் என்ன, நான் பின்னால்தான் நின்றேன்.

மறுநாள் காலையில் திருச்சியில் அப்பா ரயில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சும்மா விடமாட்டார்கள். சொன்ன நாளில் வந்து சேராதவனுக்கு அங்கே ஓடிப்போனவன் என்றுதான் பெயர். அப்பா யூனிட்டுக்குப் போன் போட்டார். வாயால் சொன்னால் செல்லாது, முறைப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் மெயிலில் அனுப்பு, பார்க்கலாம் என்றார்களாம். அப்பா போய்விட்டால் அம்மாவும் போய்விடுவாள் என்று எப்படியோ எனக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது.

அம்மா உள்ளே படுத்திருக்க, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அப்பா மெமோ எழுதினார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த மனுஷருக்கு அன்று இரண்டாம் பத்தி வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. உள்ளே அம்மா மூச்சுக்குத் தவிக்கிறாள், இவர் இங்கே 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்று பிரித்துக்கொண்டிருக்கிறாரே!

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அத்தை, அப்பாவின் அக்கா, அந்தக் காகிதத்தைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துச் சொன்னேன். அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. 'மேற்படி நபரின் மனைவி' என்று இருந்தது. மேற்படி நபர் அப்பாதான். அவர் மனைவியின் நிலைமை கிரிட்டிக்கல் என்று எழுதியிருந்தார். கிரிட்டிக்கல் என்றால் கவலைக்கிடம். டிவி நியூஸில் யாரைப் பற்றி அப்படிச் சொன்னாலும் மறுநாள் அவர் படத்துக்கு மாலை போட்டுக் காட்டுவார்கள்.

"ஏன்டா தம்பி, புள்ளத்தாச்சியப் பத்தி இப்புடியா எழுதுறது? ஒன் கையில நல்ல வார்த்தையே வராதா?" என்று அத்தை பிடித்துக்கொண்டாள்.

"அந்த வார்த்த இல்லாட்டி லீவு கெடைக்காதுக்கா. டாக்டரே அப்புடித்தான் எழுதிக் குடுக்குறாங்க."

"அவுக ஆயிரம் எழுதட்டும். நீ எழுதலாமா? நீ தாலி கட்டுனவன்டா!"

அப்பா எழுந்து ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். அங்கே இருந்த அக்கா டைப் அடிக்க, அப்பா பக்கத்தில் நின்று இடதுபக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, கோட்டை எழுத்தோடு ஒட்டிப் போடுங்க என்று உயிரை வாங்கினார். கடைசியில் பிரிண்ட் வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அத்தையிடம் கொடுத்து, மடக்கிடாதீங்கக்கா என்று சொல்லிவிட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட்டை வாங்க மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அத்தை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பேனாவை வாங்கி, மேலே நட்டநடுவில் ஒரு 'உ' போட்டு அதன் கீழே இரண்டு கோடு இழுத்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடாமல் மளிகைச் சிட்டைகூட எழுத மாட்டார்கள். அதோடு விட்டாளா? முந்தானை முடிச்சிலிருந்த கோயில் மஞ்சளை எச்சில் தொட்டுக் குழைத்து, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல நான்கு மூலையிலும் தடவினாள். "அந்தக் கெட்ட வார்த்தைக்கு இது போதும். இனி ஒங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. சப்ஜெக்ட்டுக்கு ஒரு கோடு என்றால் பிள்ளையாருக்கு இரண்டு கோடு, சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா சர்ட்டிபிகேட்டோடு வந்தார். காகிதத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"அய்யோ அக்கா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

வேறு பிரிண்ட் எடுக்கலாம் என்று டைப் அடித்த அக்கா திரும்பிய நேரம் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் ஓடும், பிரிண்டர் ஓடாது, அதுவும் கொஞ்ச நேரம்தான் என்றாள். அப்பா வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லாக் கடையும் இருட்டு. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வார்டிலிருந்து நர்ஸ். அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், உடனே வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா அந்தக் காகிதத்தையும் எதிரே ஆஸ்பத்திரி வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "அனுப்புனா திருப்பி அனுப்பிருவானுங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "ஒத்த கோட்டுக்கே திருப்பி அனுப்புற ஆளுங்க. திருப்பி அனுப்பிருவானுங்க."

"ஸ்கேன் பண்ணா மஞ்சளும் சேந்து விழும் சார். பரவாயில்லங்களா?" என்று கேட்டாள் அந்த அக்கா.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மெயில் போய்விட்டது என்று அவள் சொன்னதுதான் தாமதம், எங்களை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினார். செருப்பு ஒன்று நடுரோட்டில் கிடந்தது. அதை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

தம்பி பிறந்தான். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான், கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அம்மா கண் விழிக்க வெகுநேரம் ஆனது. அவள் என்னைப் பார்த்துக் கையை அசைத்தபோதுதான் நான் வாய்விட்டு அழுதேன். அதற்குள் அப்பாவின் போனுக்கு யூனிட்டிலிருந்து பதில் வந்திருந்தது. லீவு நீட்டிக்கப்படுகிறது என்று முதல் பத்தி. இனிமேல் அனுப்பும் கடிதங்களில் முறையான பார்மட்டைப் பின்பற்றவும் என்று இரண்டாம் பத்தி. அதற்கும் எண் போட்டிருந்தது.

பிள்ளையார்தான் கையெழுத்துப் போட்டார் என்று அத்தை வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் அதை நம்பினேன். அப்பாவும் சிரிப்பார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, சுவரோரம் போய் நின்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றாள் அத்தை. அப்படித்தான் நானும் நினைத்தேன்.

அடுத்த லீவில் அவர் வந்தபோது தம்பி குப்புற விழுந்து தவழ ஆரம்பித்திருந்தான். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கையில், "அப்பா, அந்தக் கோடு போடாத ஆளு கதையச் சொல்லுங்கப்பா" என்றேன். மறந்துபோச்சு ஆத்தா என்றார். எனக்கு ஒரே எரிச்சல். எத்தனை தடவை சொன்ன கதை, அது எப்படி மறக்கும்? நானே தொடையைத் தட்டி, அவர் குரலிலேயே முழுக்கதையையும் சொல்லிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் வீட்டில் யாருக்கு என்ன ஆகியிருந்தது, எதற்காக லீவை நீட்டிக்கச் சொன்னார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.