ஒரு பாயின்ட்டுக்காக உட்கார்ந்திருந்தோம்

சிதம்பரத்தில் பெண்களுக்கான டென்னிஸ் போட்டி நடந்த அந்த வாரம், என் தங்கச்சி மகள் ஆடிய நேரத்தைவிட உட்கார்ந்திருந்த நேரம்தான் ஜாஸ்தி. அவளோடு நானும் உட்கார்ந்தேன், அவளுடைய அப்பாவும் உட்கார்ந்தார். நாங்கள் வேண்டிக்கொண்டது ஒன்றைத்தான்: ஆட வந்திருக்கிற பெண்களில் யாருக்காவது ஏதாவது ஆக வேண்டும். எழுதிப் பார்த்தால் கெட்டவர்கள் மாதிரித் தெரிகிறது. ஆனால் அங்கே ஏற்பாடே அப்படி.

அந்த ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இது காசுக்கு ஆடுகிற தொழில்முறைப் போட்டி, அதிலும் அடிப்படியில் இருப்பது. டிவியில் வராது. பார்க்க வருகிறவர்களும் பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும்தான். உள்ளே போவதற்கு முதலில் தகுதிச் சுற்று. எங்கள் பெண் அதன் கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டாள். அப்படித் தோற்றவர்களில் முதல் ஆளாக இருப்பவளை அனுப்பிவிடாமல் காத்திருக்கச் சொல்வார்கள். முக்கியச் சுற்றில் யாராவது தன் முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே 'என்னால் முடியவில்லை' என்று விலகினால், அந்த இடத்தில் இவள் இறங்கலாம். லக்கி லூசர் என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். இறங்கி ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் ஒரு பாயின்ட்.

அந்த ஒரு பாயின்ட் அவளிடம் இல்லை. ஊர் ஊராகப் போய் எத்தனையோ போட்டியில் ஆடியாகிவிட்டது. உலகக் கணக்கில் அவள் பேருக்கு நேராக ஒன்றும் ஏறவில்லை. இந்தத் தடவை வந்தால் இன்னும் ஒரு வருஷம் ஆடுவது, வராவிட்டால் மட்டையை வைத்துவிட்டு திட்டக்குடி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகப் போவது. இப்படி முடிவு கட்டியது அவள்தான். நாங்கள் யாரும் அவளை நெருக்கவில்லை. அதனாலேயே அந்த முடிவை எங்களால் மாற்றச் சொல்லவும் முடியவில்லை.

அவள் வளர்ந்தது கடலூரில், மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில். டென்னிஸ் கோர்ட் இருந்தது கடலூரில். அவள் அப்பாவுக்குப் பிழைப்பு கீரப்பாளையத்தில், நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுவது. நான் சைக்கிள் கடைக்காரன். எனக்குத் தெரிந்த டென்னிஸ் எல்லாம் அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து போட்டிக்குக் காவலுக்கு வந்த வாட்ச்மேன் எங்களை ஒரு நாள் பார்த்தார். மறுநாள் காலையிலேயே கேட்டுவிட்டார்.

"எல்லாரும் பந்தப் பாக்குறாங்க. நீங்க ரெண்டு பேரு மட்டும் பொண்ணுங்க காலையே பாக்குறீங்களே, என்னா சங்கதி?"

"நொண்டுதான்னு பாக்குறோம்" என்றேன்.

அவர் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப நீங்க எங்க ஆஸ்பத்திரியில வந்து குந்தியிருக்க வேண்டியவங்க" என்றார். ஜனங்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளை நான் மறப்பதில்லை. புத்தகம் படித்ததைவிட நான் கேட்டுக் கற்றதுதான் அதிகம்.

கீரப்பாளையத்திலிருந்து என் தங்கச்சி போன் போட்டுக்கொண்டே இருந்தாள். "யாராச்சும் விழுந்தாங்களா?" என்பாள். இல்லை என்றால், "இந்த வெயில்லகூடவா?" என்பாள். அவள் அம்மன் கோயிலுக்குப் போகும்போது என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் ஒருத்தியும் விழவில்லை. எங்கள் பெண் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டு, ஷூ கயிறு கட்டி, மட்டைப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு மர நிழலில் இருந்தாள். கூப்பிட்டால் உடனே இறங்க வேண்டும் என்பதால் வயிறு நிறையச் சாப்பிடவும் மாட்டாள், பசியோடு இருக்கவும் மாட்டாள். அவ்வப்போது எழுந்து குதிப்பாள், கையைச் சுழற்றுவாள், பிறகு உட்கார்ந்துவிடுவாள். இப்படி உடம்பைச் சூடாக்குவதும் ஆற விடுவதுமாகவே பொழுது போனது.

இரண்டாம் நாள் மிச்சமிருந்த முதல் சுற்று ஆட்டங்கள். அதில் கடைசி ஆட்டம் ஒரு ஹைதராபாத் பெண்ணுக்கு. எங்கள் லாட்ஜிலேயே, எங்களுக்கு அடுத்த அறையில் தனியாகத் தங்கியிருந்தாள். கூட யாரும் வரவில்லை. எங்கள் பெண்ணும் அவளும் இங்கிலீஷில் பேசிச் சிரிப்பார்கள். பார்த்தால் நாலு ஊரில் ஒன்றாகத் தோற்றவர்கள் என்று சொல்லலாம், அவ்வளவு சிநேகம்.

அன்று காலை விடிந்ததும் வராந்தாவில் அழுகைச் சத்தம். அந்தப் பெண் குளிக்கப் போக வாளியைத் தூக்கியிருக்கிறாள், இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டுவிட்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றாள். என் மச்சான் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் வந்ததை சந்தோஷம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை; ஆனால் என் முகத்திலும் அதுதான் வந்திருக்கும்.

லாட்ஜில் ரூம் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றார். "புடிப்பு இது. மருந்தெல்லாம் வேணாம். காலு முன்ன வந்து பொறந்தவங்க யாராச்சும் ஒரு மிதி மிதிச்சா போயிடும். இந்தக் காலத்துல எங்க போயித் தேடுறது, எல்லாம் ஆபரேஷன்ல பொறக்குது" என்றார்.

எங்கள் பெண் கால் முன்னால் வந்து பிறந்தவள். சின்ன வயசில் அவளைத் தேடி என் கடைக்கே வருவார்கள். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற ஆட்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து குப்புறப் படுப்பார்கள், இவள் பள்ளிக்கூட உடுப்போடு நாலு மிதி மிதித்துவிட்டு மிட்டாய் வாங்கிக்கொள்வாள். மச்சானுக்கும் எனக்கும் இது தெரியும். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். மச்சான் குனிந்து செருப்பைத் தேடினார்.

"மாமா, இந்த ஷூவக் கொஞ்சம் புடி" என்றாள் அவள்.

"ஏய், மணி ஆவுது. போயிக் கையெழுத்துப் போடணும், கிளம்பு" என்றார் அப்பா.

"இருப்பா, ஒரு நிமிஷம்."

மச்சான் என் தோளை அழுத்தினார். "நீ சொல்லு மச்சான். உன் பேச்சத்தான் கேக்கும்."

"என்னான்னு சொல்றது?"

"மிதிக்காதேன்னு சொல்லு."

"அந்தப் பொண்ணு அழுவுது மச்சான்."

"நம்ம பொண்ணு அழுதப்ப எவ வந்து மிதிச்சா?"

அதற்குள் ஹைதராபாத் பெண்ணை மெதுவாகப் படுக்கவைத்துவிட்டார்கள். எங்கள் பெண் சுவரில் கை ஊன்றி, பாதத்தை அவள் முதுகில் வைத்து, பாரம் போடாமல் தேய்த்தாள். மூன்று முறை மிதித்து எடுத்தாள். கீழே கிடந்தவள் முதலில் கத்தினாள். பிறகு என்ன நடக்கிறது என்று புரிந்து, அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள், கூட்டுகிற அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். எதில் விட்டதோ, கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிட்டாள்.

ஆட்டோவில் மச்சான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் மகளைக் கேட்டார்.

"நீ இத நம்புறியா?"

"எதப்பா?"

"காலால மிதிச்சா சரியாவும்கிறத."

"இல்லப்பா."

"பின்ன ஏன் மிதிச்ச?"

"நம்பாததாலதான் மிதிச்சேன். நம்பியிருந்தா மிதிச்சிருப்பனா, சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். "தெரியலப்பா" என்றாள்.

அன்று முழுக்க அதே மர நிழல். ஒவ்வொரு ஆட்டமாகத் தொடங்கிவிட்டது. கடைசியில் மிச்சம் அந்த ஒன்றுதான். ஹைதராபாத் பெண் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, அடி அடியாக அளந்து நடந்து கோர்ட்டுக்குள் போனாள். எங்கள் பெண் எழுந்து குதித்து உடம்பைச் சூடாக்கினாள். மச்சான் கை இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டார். உள்ளே பழக்கத்துக்குப் பந்து தட்டும்போதுகூட அந்தப் பெண் ஒரு தடவை முதுகைப் பிடித்தாள். நடுவர் பெண் ஏணி நாற்காலியிலிருந்து குனிந்து ஏதோ கேட்டார். ஆடுகிறேன் என்று அவள் தலையை ஆட்டினாள். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

எங்கள் பெண் உட்கார்ந்தாள். ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

மச்சானுக்கு இது புரியவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்க, இரண்டாவது செட்டில் அந்தப் பெண் வலியில் அப்படியே மண்டி போட்டுவிட்டாள். ஆள் வந்து முதுகைத் தேய்த்தார். மச்சான் துள்ளி எழுந்தார்.

"விட்டுடுவா! இப்ப விட்டுடுவா பாரு! ஏய், கயித்தக் கட்டு!"

"அப்பா."

"கட்டுன்றேன்!"

"அப்பா, உக்காரு. மொதப் பந்து போட்டாச்சுன்னா அவ்வளவுதான். இனிமே அவ செத்து விழுந்தாகூட நான் எறங்க முடியாது."

மச்சான் நின்றபடியே இருந்தார். கோர்ட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நேரம் நான் எதுக்குப் பாத்துக்கினு இருந்தேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அந்தப் பெண் மூன்றாவது செட்டில் ஜெயித்துவிட்டாள். ஜெயித்த கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டே வேலிக்கு வெளியே வந்து, எங்கள் பெண்ணின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், விளையாட்டுக்குத்தான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். நானும் கை தட்டினேன். மச்சான் தண்ணீர் குடிக்கிறேன் என்று போய்விட்டார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் வழி பிரிந்தது. மச்சானுக்குக் கீரப்பாளையம் பஸ், எங்களுக்குக் கடலூர் பஸ். அவருடைய பஸ் வந்து நின்றும் அவர் ஏறவில்லை.

"அடுத்தது எங்க?" என்றார்.

"எதுப்பா?"

"அடுத்த போட்டி."

"இல்லப்பா."

"இல்லன்னா? இந்தியாவுல ஒரு எடத்துலகூடவா நடக்கல?"

"நடக்குது. எனக்கு இல்ல."

"பேசுனது பேசுனதா இருக்கட்டும். நான் ஒன்னும் கேக்கலையே. நீ பாட்டுக்குப் போயி ஆடு."

"அப்பா, பஸ்ஸ எடுக்கப் போறாங்க."

அவர் ஏறினார். ஜன்னல் வழியாகவும் அதையே சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பஸ் வளைந்து போனதும் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, திங்கட்கிழமையே வந்துவிடுகிறேன் என்றாள். குரல் தெளிவாக இருந்தது.

மறுநாள் கடையில் ஆள் ஆளாகக் கேட்டார்கள். "பாப்பா ஜெயிச்சுதா?" இல்லை என்றேன். "தோத்துடுச்சா?" அதற்கும் இல்லை என்றால் உட்கார்ந்து கதை கேட்டார்கள். தகுதிச் சுற்று, காத்திருக்கும் ஆள், விலகினால் இறங்குவது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் முகம் மாறிவிடும். டீ கொண்டுவருகிறவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "அதாவது, வெளியவே குந்திக்கினு தோத்திருக்குது" என்றார். அவர் பொல்லாதவர் இல்லை. கேட்டதைச் சுருக்கிச் சொன்னார்.

அதற்கடுத்து பஞ்சர் ஒட்ட வந்தவர் கேட்டபோது, டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "தோத்துடுச்சுங்க" என்றேன். அவர் "ச்சு" கொட்டிவிட்டு, பெடலையும் கொஞ்சம் பார்க்கச் சொன்னார்.

கடைக்குப் பின்னால் வீட்டில் அவள் துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து, "இனிமே அப்படியே சொல்லு மாமா. சீக்கிரம் முடிஞ்சிடுது" என்றாள்.